பையன் ஓடுகிறான், கோப்பு நடக்கிறது

பதக்கப் பட்டியலில் நம் நாட்டின் பெயரைத் தேட வேண்டுமானால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கீழே கீழே இறங்க வேண்டும். தேடவே வேண்டாத பட்டியல் ஒன்று இருக்கிறது. ஊக்கமருந்தில் மாட்டியவர்கள் பட்டியல். உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் 2024ஆம் ஆண்டுக் கணக்கில் இந்தியாவில் எடுத்த மாதிரிகள் 7,113. மருந்து இருந்தவை 260. நூற்றுக்கு 3.6. அதற்கு முந்தைய 2023இல் 5,606 மாதிரிகளில் 213. அதற்கும் முன்னால் 2022இல் 3,865இல் 125. பெரிய அளவில் பரிசோதனை செய்கிற நாடுகளில் மூன்று வருடமும் முதலிடம் நமக்குத்தான். பரிசோதனையைக் கூட்டினோம், அதனால் எண்ணிக்கை கூடியது என்று மேலே இருப்பவர்கள் சொல்கிறார்கள். பாதி உண்மைதான். ஆனால் நம்மைவிடப் பல மடங்கு பரிசோதனை செய்கிற சீனாவில் மாட்டுகிறவர்கள் நம்மில் பாதிகூட இல்லையே, அதற்கு என்ன சொல்வது?

இதைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று எலவனாசூர்கோட்டைக் கூட்டுரோட்டில் என்னைப் பார்க்கிற நண்பர்கள் கேட்பார்கள். நியாயம்தான். பள்ளிக்கூடத்தில் நூறு மீட்டர் ஓட்டத்தில் கடைசிக்கு முந்தி வந்தது என் சாதனை. கடைசியில் வந்தவன் வழியில் கால் சுளுக்கி உட்கார்ந்தவன். ஆனால் 31 வருடம் ஒரு கல்லூரி அலுவலகத்தில் இருந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். விளையாட்டு தெரியாது. விளையாட்டில் ஒரு தப்பு நடந்தால் அலுவலகம் என்ன செய்யும் என்பது நன்றாகத் தெரியும். இந்த விஷயத்தில் பத்திரிகைகள் பையன்களைப் பற்றி எழுதுகின்றன, மருந்தைப் பற்றி எழுதுகின்றன. மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவர்களைப் பற்றி எழுதுவது குறைவு. அந்தக் குறையை நான் கொஞ்சம் தீர்க்கிறேன்.

முதலில் கல்லூரிக்கு விளையாட்டு அணி எதற்கு என்று பார்க்க வேண்டும். நம் காலத்தில் மைதானம் என்றால் சாயங்காலம் நாலு பேர் பந்து அடிக்கிற இடம். இப்போது அப்படி இல்லை. மண்டலப் போட்டியில் கேடயம் வாங்கினால் அடுத்த வருடச் சேர்க்கை விளம்பரத்தில் அந்தப் படம் வரும். தரமதிப்பீட்டுக் குழு வரும்போது காட்டுவதற்கு ஒரு கண்ணாடி அலமாரி நிறைய கோப்பைகள் வேண்டும். அதற்காக நன்றாக ஓடுகிற, தாண்டுகிற பையன்களைத் தேடிப் பிடித்துக் கட்டணம் இல்லாமல் சேர்க்கிறார்கள். விடுதி இலவசம், சாப்பாடு இலவசம், வருடத்துக்கு இரண்டு ஜோடி ஷூ.

பையன் பக்கமும் கணக்கு இருக்கிறது. நம் மாநில அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம். ரயில்வே, போலீஸ், ராணுவம் எல்லாவற்றிலும் தனி வழி. வெள்ளிமலைப் பக்கத்திலிருந்தோ தியாகதுருகத்துக்கு உள்ளே ஒரு கிராமத்திலிருந்தோ வருகிற பையனுக்கு அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டியில் ஒரு பதக்கம் என்றால், அது கழுத்தில் மாட்டுகிற சாமான் அல்ல. அது ஒரு மாதச் சம்பளம், ஒரு மாடி வீடு, தங்கச்சி கல்யாணம். அரை வினாடியில் அது கைவிட்டுப் போகிறது. அந்த அரை வினாடிக்குத்தான் ஒருவன் ஊசி வைத்துக்கொண்டு நிற்கிறான்.

மருந்துகளின் பெயரையும் சொல்லிவிடுகிறேன், நம் வீட்டுப் பிள்ளைகளின் பையில் இருந்தால் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக. மெத்தாண்டியனோன், நாண்ட்ரோலோன், ஸ்டானோசோலால் இவை ஸ்டீராய்டு வகை; ஆண்மைச் சுரப்பின் வேலையைச் செய்து சதையை ஏற்றும். பின்னால் கல்லீரலைக் கெடுக்கும், இதயத்தைக் கெடுக்கும், பெண் பிள்ளைகளுக்குக் குரல் தடித்து மாதவிலக்கு நிற்கும். எரித்ரோபொய்ட்டின் என்று ஒன்று. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு ரத்தம் ஊற டாக்டர் போடுவது. நல்ல உடம்பில் போட்டால் ரத்தம் கெட்டியாகும். மெஃபென்டெர்மைன் என்று இன்னொன்று, அறுவை சிகிச்சை மேசையில் ரத்த அழுத்தம் விழுந்துவிட்டால் தூக்கி நிறுத்துகிற ஊசி. அதை உடற்பயிற்சிக் கூடத்தில் போட்டுக்கொள்கிறார்கள். மாட்டு வண்டிக்காரன் வால் முறுக்குவது போலத்தான். மாடு ஓடும், ஆனால் ஓடியது மாட்டின் இஷ்டம் இல்லை.

எங்கள் தெருவில் ஒரு அக்கா. எழுபது தாண்டியவர். அவர் பேரன் வெளியூர்க் கல்லூரி ஒன்றில் நானூறு மீட்டர் ஓடுகிறான். விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்தவன். இந்தப் பொங்கலுக்கு வந்திருந்தபோது அந்த அம்மாள் ஒரு பிளாஸ்டிக் டப்பாவையும் கைக்குட்டையில் சுற்றிய ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியையும் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"தம்பி, இதுல இன்னா எழுதியிருக்குதுன்னு பாரு. பையன் சத்து மாவுங்கிறான். மாவு எதுக்குப்பா ஊசியோட வருது?"

டப்பாவில் ஆங்கிலத்தில் எல்லாம் எழுதியிருந்தது, தயாரித்தவன் விலாசம் மட்டும் இல்லை. குப்பியில் லேபிளையே சுரண்டி எடுத்திருந்தார்கள். பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன். நல்ல பையன், பொய் சொல்லத் தெரியவில்லை.

"எல்லாரும் போடறாங்க தாத்தா. போடாதவன் ஹீட்ஸோட வீட்டுக்கு வந்துடணும்."

"யாருடா குடுத்தது?"

"சீனியர்."

"உங்க பி.டி. சாருக்குத் தெரியுமா?"

"சார் ஒண்ணும் கேக்க மாட்டாரு தாத்தா."

இந்தக் கடைசி வாக்கியத்தை அவன் வாத்தியாரைக் காப்பாற்றச் சொன்னானா, குற்றம் சாட்டிச் சொன்னானா என்று எனக்குப் புரியவில்லை. என்னைக் கேட்டால் மொத்த விவகாரமும் அந்த வாக்கியத்தில்தான் இருக்கிறது. யாரும் கொடுக்கச் சொல்வதில்லை. யாரும் கேட்பதும் இல்லை. பையன் திடீரென்று இரண்டு மாதத்தில் ஒன்றரை வினாடி குறைத்து ஓடினால், 'எப்படிடா?' என்று கேட்க வேண்டியவர் 'சபாஷ்' என்கிறார்.

நான் வேலை பார்த்த இடத்திலும் ஒரு சமாச்சாரம் நடந்தது. தொண்ணூறுகளின் நடுவில். விடுதிக் கழிவறையைக் கழுவுகிற அம்மாள் ஒருநாள் காலை ஒரு வாளி நிறைய ஊசிக் குழாய்களைக் கொண்டுவந்து அலுவலக வாசலில் வைத்துவிட்டார். கையில் குத்திவிட்டது, யார் பொறுப்பு என்று சத்தம். அணி பயிற்சிக்காகத் தங்கியிருந்த அறைகளின் வரிசை அது. எல்லோருக்கும் புரிந்துவிட்டது. பிரின்சிபால் அறைக் கதவு சாத்தப்பட்டது. அரை மணி நேரம் கழித்துத் திறந்தது. என்னைக் கூப்பிட்டு ஒரு கோப்பு தொடங்கச் சொன்னார்கள். பொருள் என்ன தெரியுமா? 'மாணவர் விடுதி – கழிவறைகள் – மருத்துவக் கழிவு அகற்றுதல் – தூய்மைப் பணி – சார்பாக.' இன்றைக்கும் அந்தத் தலைப்பை நினைத்தால் எனக்கு ஒரு மரியாதை வருகிறது. எழுதியவருக்குக் கவிஞராகும் தகுதி இருந்தது. மாணவன் இல்லை, மருந்து இல்லை, விளையாட்டே இல்லை. கழிவு மட்டும்தான்.

மாணவர்களை மருத்துவரிடம் அனுப்பிப் பார்க்கலாம், பெற்றோருக்குத் தெரிவிக்கலாம் என்று நான் ஒரு குறிப்பு வைத்தேன். 'பார்த்தேன்' என்று பச்சை மையில் எழுதித் திரும்பி வந்தது. அலுவலகத்தில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும், 'பார்த்தேன்' என்றால் இனிமேல் யாரும் பார்க்க வேண்டாம் என்று அர்த்தம். தூய்மைப் பணியாளர் வேறு கட்டடத்துக்கு மாற்றப்பட்டார். அணி போய் இரண்டாவது பரிசு வாங்கி வந்தது. அந்த வருடம் முடிவதற்குள் அந்த அணியில் ஒரு பையனுக்குக் காமாலை வந்து படிப்பை விட்டுப் போனான். கீழாநெல்லி கொடுத்தார்களாம். அவனுடைய மாற்றுச் சான்றிதழ் என் மேசை வழியாகத்தான் போனது. விலகியதற்கான காரணம்: 'சொந்தக் காரணம்'.

இதைச் சின்ன ஊர்க் கல்லூரியின் கதை என்று நினைக்க வேண்டாம். 2023 செப்டம்பரில் தில்லி ஜவாஹர்லால் நேரு மைதானத்தில் மாநிலத் தடகளப் போட்டி. அங்கேயும் கழிவறையில் ஊசிக் குழாய்கள் கிடக்கிற வீடியோ ஒன்று வெளியே வந்தது. கடைசி நாள் ஊக்கமருந்துத் தடுப்பு அதிகாரிகள் வந்து இறங்கினார்கள். அன்றைக்கு ஆண்கள் நூறு மீட்டர் இறுதிப் போட்டிக்கு எட்டுப் பேர் தகுதி பெற்றிருந்தார்கள். ஓடியது ஒரே ஒருவர்! மற்ற ஏழு பேருக்கும் ஒரே நேரத்தில் தசைப்பிடிப்பு, வலி, என்னென்னவோ. தடை தாண்டிச் சுற்றும் ஓட்டத்தில் ஒரு பெண் எல்லைக் கோட்டைத் தாண்டிய பிறகும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தாள், பின்னாலேயே மாதிரி எடுக்கிற அதிகாரி ஓடினார். படித்தபோது சிரித்துவிட்டேன். அப்புறம் சிரிக்க முடியவில்லை. பள்ளிக்கூடமும் கல்லூரியும் படிக்கிற வயதுப் பிள்ளைகள் அவர்கள்.

அந்த அதிகாரிகளின் அமைப்புக்கு ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து 'நாடா' என்று பெயர். தமிழில் எழுதிப் பார்த்தால் எனக்குச் சிவப்பு நாடாதான் ஞாபகத்துக்கு வருகிறது. 2005இல் தொடங்கியது, 2022இல் தேசிய ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டம் வந்தபிறகு சட்டபூர்வ அமைப்பாகிவிட்டது. அவர்கள் வேலை சுலபமானது என்று நான் சொல்லவில்லை. ஆனால் நாடா எப்படி அவிழ்கிறது என்பதற்கு நம் திருச்சிப் பெண் கோமதி மாரிமுத்துவின் தேதிகளைப் பாருங்கள்.

முடிகண்டம் கிராமத்து விவசாயக் குடும்பம். 2019 ஏப்ரல் 22, தோஹாவில் ஆசிய தடகளப் போட்டி, 800 மீட்டர், 2 நிமிடம் 2.70 வினாடி, தங்கம். நாம் எல்லோரும் தொலைக்காட்சி முன்னால் கைதட்டினோம். கட்சிகள் போட்டி போட்டுக்கொண்டு லட்சங்களை அறிவித்தன. ஊருக்கு வந்தபோது மாலை, மேளம். அடுத்த மாதமே செய்தி வருகிறது, அவர் மாதிரியில் நாண்ட்ரோலோன் தடயம் என்று. எந்த மாதிரி? மார்ச் 18ஆம் தேதி பாட்டியாலாவில் நடந்த ஃபெடரேஷன் கோப்பையில் எடுத்தது! அந்த மாதிரி எடுத்து முப்பத்தைந்து நாள் கழித்துத்தான் தோஹாவில் அவர் ஓடினார். அதற்குள் முடிவு தெரிந்திருந்தால் அவர் விமானமே ஏறியிருக்க மாட்டார். மாலையும் இல்லை, மேளமும் இல்லை, அந்த அவமானமும் இல்லை. தெரிந்து எந்த மருந்தும் எடுக்கவில்லை என்று அவர் கடைசிவரை சொன்னார். விசாரித்தவர்கள் ஏற்கவில்லை. நாலு வருடத் தடை, பதக்கமும் போயிற்று. விதிப்படி சரி. மருந்து உடம்பில் இருந்தால் அதற்குப் பொறுப்பு உடம்புக்காரர்தான் என்பது உலக விதி. எப்படி வந்தது, யார் கொடுத்தார்கள் என்பதெல்லாம் தண்டனையைக் குறைக்கிற வாதமே தவிரக் குற்றத்தை இல்லையென்று ஆக்காது.

அந்த விதியை நான் குறை சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் ஒருவரும் மாட்ட மாட்டார்கள். என் கேள்வி வேறு. உடம்புக்குப் பொறுப்பு உடம்புக்காரர் என்றால், முப்பத்தைந்து நாளுக்குப் பொறுப்பு யார்? தாமதமாக வந்த காகிதத்துக்கு யாருக்கு எத்தனை வருடத் தடை விதித்தார்கள்? அந்த வருடம் ஆகஸ்ட்டில் தில்லியில் இருந்த தேசிய ஊக்கமருந்துப் பரிசோதனைக் கூடத்தின் அங்கீகாரத்தையே உலக முகமை நிறுத்தி வைத்தது, தரம் போதாது என்று. திரும்பக் கிடைத்தது 2021 டிசம்பரில். இடைப்பட்ட இரண்டு வருடத்துக்கு மேல் நம் பிள்ளைகளின் சிறுநீர் வெளிநாட்டுக்கு விமானத்தில் போய் வந்தது. பிள்ளைகள் பலர் அதுவரை விமானத்தைக் கீழே நின்று பார்த்ததோடு சரி.

தோஹா, 800 மீட்டர் என்றதும் இன்னொரு பெண்ணின் முகம் வராமல் போகாது. புதுக்கோட்டை கத்தக்குறிச்சி சாந்தி சௌந்தரராஜன். 2006 ஆசிய விளையாட்டில் வெள்ளி. அது மருந்து விவகாரம் அல்ல, பாலினச் சோதனை. அந்தப் பெண் ஒரு தப்பும் செய்யவில்லை. ஆனால் சோதனையில் என்ன வந்தது என்று உட்கார வைத்துச் சொல்ல ஒரு அதிகாரி இல்லை. தொலைக்காட்சி பார்த்து ஊரோடு சேர்ந்து அவரும் தெரிந்துகொண்டார். நம் அதிகாரிகளின் பழக்கத்தைச் சொல்வதற்காக இதை இங்கே சேர்த்தேன். வேறு எந்த வகையிலும் இரண்டையும் ஒன்றாக்க வேண்டாம்.

2011இல் நடந்தது இன்னும் பெரிது. அதற்கு முந்தைய வருடம் தில்லி காமன்வெல்த்திலும் குவாங்சௌ ஆசிய விளையாட்டிலும் நம் பெண்கள் 4x400 தொடர் ஓட்டத்தில் தங்கம் வாங்கியிருந்தார்கள், ஞாபகம் இருக்கும். அஸ்வினி அக்குஞ்சி, மன்தீப் கவுர், சினி ஜோஸ் என்று அந்தப் பெயர்கள் அன்றைக்கு எல்லா வீட்டிலும் புழங்கின. அடுத்த வருடம் வரிசையாக ஆறு ஓட்டக்காரப் பெண்கள் ஸ்டீராய்டில் மாட்டினார்கள். சீனாவில் வாங்கிய ஜின்செங் மாத்திரையில் கலந்திருந்தது, பயிற்சியாளர் கொடுத்தார் என்றார்கள். பயிற்சியாளர் உக்ரைன்காரர், யூரி ஓகரோட்னிக். அவரை உடனே வேலையிலிருந்து எடுத்தார்கள். நீதிபதி முகுல் முத்கல் தலைமையில் விசாரணை. பெண்களுக்கு முதலில் ஒரு வருடத் தடை, பிறகு சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் அதை இரண்டு வருடமாக்கியது. லண்டன் ஒலிம்பிக் கைவிட்டுப் போயிற்று. எல்லாம் முறைப்படி நடந்தது. இதில் எனக்குத் தொண்டையில் முள்ளாக நிற்பது ஒன்றுதான். சில வருடத்தில் அதே பயிற்சியாளர் அதே வேலைக்குத் திரும்ப வந்துவிட்டார். ஓட்டக்காரியின் வாழ்க்கையில் இரண்டு வருடம் என்றால் பாதி ஆயுள். பயிற்சியாளருக்கு அது நீண்ட விடுப்பு.

வெளிநாட்டில் மட்டும் என்ன வாழ்கிறது என்று கேட்பீர்கள். கல்லூரி அணி என்று வந்ததால் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சொல்ல வேண்டும். 2010இல் அங்கே கால்பந்து அணியில் (நம்முடைய கால்பந்து அல்ல, கையில் பந்தைத் தூக்கிக்கொண்டு முட்டுவார்களே, அது) ஒரு மாணவனைப் போலீஸ் வேறு வழக்கில் பிடிக்கப் போய் மருந்து கிடைத்தது. பல்கலைக்கழகம் என்ன செய்தது? மூடி மறைக்கவில்லை. தாங்களே கேட்டு, அணியில் இருந்த 62 பேரையும் பரிசோதிக்க வைத்தார்கள். ஒன்பது விதிமீறல்கள் வந்தன. எல்லாவற்றையும் வெளியே சொன்னார்கள். இதுவரை கைகூப்பத் தோன்றுகிறது. அடுத்து, அந்த வருடத்துக்கு அணியையே நிறுத்திவிட்டார்கள். ஒரு மருந்தும் தொடாத ஐம்பது சொச்சம் பையன்கள் விளையாட மைதானம் இல்லாமல் நின்றார்கள். வேறு பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர்கள் போகலாம் என்று அனுமதி கொடுத்தார்கள். படிப்பை நடுவில் விட்டுவிட்டு எத்தனை பேர் போக முடியும்?

அங்கே செய்ததில் முதல் பாதியை நாம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பேன். இரண்டாம் பாதி வேண்டாம். மொத்த அணியையும் நிறுத்துவது பார்க்கக் கடுமையாக இருக்கும். உண்மையில் அது அதிகாரிக்குச் சுலபமான வேலை, யார் யார் என்று பிரித்துப் பார்க்கிற சிரமம் இல்லை. நம் பக்கத்தில் அந்த மாதிரிக் கடுமைக்குப் பஞ்சமில்லை. 2024 ஜூனில் கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கு மேல் செத்தார்கள். உடனே கலெக்டர் மாற்றம், எஸ்.பி. சஸ்பெண்ட். செய்ய வேண்டியதுதான். ஆனால் கல்வராயன் மலையிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் சாராயம் எந்தப் பாதையில் வருகிறது, யார் கண்ணை மூடிக்கொள்கிறார்கள் என்பது கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் பால்காரருக்கும் தெரியும். அதைக் கேட்க ஒரு சாவு எண்ணிக்கை தேவைப்பட்டது. கல்லூரி விடுதிக் குப்பிக்கு எந்த எண்ணிக்கை வரைக்கும் காத்திருப்பார்கள் என்பதுதான் என் பயம்.

கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டு 2020இல் புவனேஸ்வரத்தில் தொடங்கியதிலிருந்து பெரிய மைதானங்களில் மாதிரி எடுக்கிறார்கள். ஆனால் மருந்து பெரிய மைதானத்தில் தொடங்குவதில்லை. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில், மண்டலப் போட்டியில் தொடங்குகிறது. அங்கே மாதிரி எடுக்க ஒருவர் வந்து என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை. செலவாகும் என்பார்கள். நூறு பேரைச் சோதிக்க வேண்டாம், ஐந்து பேரைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள், போதும். யார் மாட்டுவார்கள் என்று தெரியாத பயம் ஐந்து பேரைச் சோதித்தாலும் நூறு பேருக்கும் வரும்.

கல்லூரிகள் இப்போது ஒரு உறுதிமொழிப் பத்திரம் வாங்குகின்றனவாம். எங்கள் தெருப் பையன் காட்டினான். 'தடைசெய்யப்பட்ட மருந்து எதையும் உட்கொள்ள மாட்டேன், மீறினால் முழுப் பொறுப்பும் என்னையே சாரும், கல்லூரிக்கு எந்தத் தொடர்பும் இல்லை' என்று. கையெழுத்து பையன், சாட்சி அவன் அப்பா. அப்பாவுக்கு மரவள்ளிக் காட்டில் வேலை. ஆங்கிலத்தில் இருந்த காகிதத்தில் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறார். இந்த மாதிரிக் காகிதத்தை நான் நிறைய டைப் அடித்திருக்கிறேன், அதன் ஜாதகம் எனக்குத் தெரியும். இது மருந்தைத் தடுக்க எழுதியது அல்ல, கல்லூரியைக் காப்பாற்ற எழுதியது. அதே தாளில் கீழே இரண்டு வரி சேர்க்கட்டும். 'இந்த மாணவருக்கு நானோ என் மேற்பார்வையில் உள்ளவர்களோ மருந்து கொடுக்கவில்லை. தெரிய வந்தால் உடனே தெரிவிப்பேன்' என்று உடற்கல்வி இயக்குநர் ஒரு கையெழுத்து, பிரின்சிபால் ஒரு கையெழுத்து. பேனா எவ்வளவு நேரம் தாளுக்கு மேலே நிற்கிறது என்று பார்க்கலாம்.

உலக விதியிலேயே இதற்கு இடம் இருக்கிறது. மருந்து கொடுத்தவர், விற்றவருக்குக் குறைந்தது நாலு வருடம், அதிகபட்சம் ஆயுள் தடை. ஸ்டீராய்டு போன்ற மருந்தைப் பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பயிற்சியாளரே கொடுத்தார் என்றால் ஆயுள் தடைதான். விதி புத்தகத்தில் இருக்கிறது. மாட்டுகிறவர்கள் பட்டியலில் மட்டும் ஓடுகிற பிள்ளைகள் பெயராகவே வருகிறது, குப்பி கொடுத்தவர் பெயர் அபூர்வமாகத்தான் வருகிறது. குப்பிக்குக் கால் முளைத்து விடுதிக்கு நடந்து வருவதில்லையே.

பேரப் பிள்ளைகள் விளையாட்டில் இருக்கிற நண்பர்களுக்குச் சில விவரம் சொல்லிவிடுகிறேன். மாதிரி எடுக்க அதிகாரி வந்தால் பிள்ளை ஓடக் கூடாது. ஓடினாலே, மறுத்தாலே விதிமீறல்தான், மருந்து எடுக்காதவனும் மாட்டுவான். கூட ஒருவரை அழைத்துக்கொள்ள உரிமை உண்டு. மாதிரியை இரண்டு பாட்டிலில் பிரிப்பார்கள். முதல் பாட்டிலில் மருந்து வந்தால் இரண்டாவதைத் திறந்து சோதிக்கச் சொல்லிக் கேட்கலாம், அப்போது அங்கே இருக்கலாம். டாக்டர் வியாதிக்காகக் கொடுக்கிற மருந்து தடைப் பட்டியலில் இருந்தால் முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்க வேண்டும். சளி மாத்திரையில்கூடச் சில சமயம் வினை இருக்கும். இதையெல்லாம் கல்லூரி சொல்லித் தர வேண்டும். தரவில்லை என்றால் கடிதம் எழுதிக் கேளுங்கள். வாயால் கேட்டால் பதில் வராது. எழுதிக் கேட்டால் பதில் வராவிட்டாலும் உங்களிடம் ஒரு நகல் இருக்கும். என்றைக்காவது அதற்கு வேலை வரும்.

தெருப் பையனின் குப்பியை அவனே முருங்கை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்துவிட்டான். பிப்ரவரியில் நடந்த போட்டியில் நாலாவதாக வந்தான். முதல் மூன்று பேரைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவன் ஆயாதான் கேட்டுக்கொண்டிருக்கிறார், நாலாவது ஆளுக்கு ரயில்வேயில் எடுப்பாங்களா தம்பி என்று.

மருந்து தடைப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க நாடா அமைப்பின் 'நோ யுவர் மெடிசின்' என்ற செயலி ஒன்று இருக்கிறது. என் மருமகள் அதை என் போனில் ஏற்றிக் கொடுத்திருக்கிறாள். மாத்திரை அட்டையோ டப்பாவோ இருந்தால் எடுத்துக்கொண்டு வாருங்கள், பார்த்துச் சொல்கிறேன். காலை பத்து மணிக்கு மேல், சாப்பாட்டுக்கு முன்னால். லேபிள் சுரண்டியிருந்தால் வர வேண்டாம். அதற்குப் பதில் தெரிந்ததுதான்.